மெழுகு பூசத் தெரியாத ஏழு பேர்

பிப்ரவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கு நலம். குளிர்கால விளையாட்டுத் தொடக்க விழாவில் கொடிக்குப் பின்னால் முதல் வரிசையில் நான்தான் நடந்தேன், டி.வி.யில் பார்த்திருப்பாய். உன்னை அழைத்து வராததில் மனத்தாங்கல் வேண்டாம். பனிச்சறுக்குச் சங்கத் தலைவரின் மச்சானை விட்டுவிட்டு வர முடியுமா? சறுக்குப் பலகை வழுக்க மெழுகு பூசுவது என்ன பெரிய வித்தை? அவரே பூசிவிடுவார்.

உன் அண்ணன்,
அணி மேலாளர்

பிப்ரவரி 13

அண்ணனுக்கு,

பார்த்தேன். சறுக்க மூன்று பேர், கூடவே அதிகாரிகள் ஏழு பேர். என்ன ஜம்பம்!

நேற்றைய பந்தயத்தையும் பார்த்தேன். வெயில் ஏறிப் பனி ஈரமாகிவிட்டது. ஈரப்பனிக்கு ஒரு மெழுகு, காய்ந்த பனிக்கு வேறு மெழுகு என்று மெழுகுப் பெட்டி மூடியிலேயே எழுதி ஒட்டியிருந்தேன். மச்சானுக்குப் படிக்க வராதோ? சறுக்கும் மூவரில் சின்னவளின் பலகையடியில் பனி கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டது. மேட்டில் நின்று கழற்றிச் சுரண்டினாள், மாட்டினாள், மறுபடி சுரண்டினாள். கடைசியாக வந்தாள்.

போனில் அழுதாள். “எல்லைக் கோட்டைத் தாண்டினப்போ நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட இல்லக்கா. வேற நாட்டுக்காரங்கதான் போர்வை குடுத்தாங்க.”

ஏழு பேரும் எங்கே போய்த் தொலைந்தீர்கள்?

தங்கை

பிப்ரவரி 15

அன்புத் தங்கச்சிக்கு,

ஒரு விருந்துக்கு அழைப்பு, தட்ட முடியவில்லை. அது போகட்டும். பத்திரிகைகள் என்னைக் கிழிக்கின்றன, சங்கம் விசாரணை வைக்கிறது. நீ கொடுத்தனுப்பிய மெழுகு கெட்டுப்போனது என்று இரண்டு வரி எழுதிக் கொடு. இல்லாவிட்டால் அவள் பயிற்சி செய்யாமல் வந்தாள் என்றுதான் நான் சொல்ல வேண்டியிருக்கும். கூடப் பிறந்தவனைக் கைவிட்டுவிடாதே.

அண்ணன்

பிப்ரவரி 19

மேலாளருக்கு,

இரண்டு வரி கேட்டீர்கள். நான்கு பக்கம் எழுதிச் சங்கத்தில் கொடுத்துவிட்டேன். அதே மெழுகில் இங்கே மிச்சமிருந்ததைப் பூசி, விசாரணைக்கு வந்தவர்கள் முன்னால் ஈரப்பனியில் விட்டுக் காட்டினேன். பலகை வழுக்கிக்கொண்டு ஓடியது. சின்னவளின் மூன்று வருடப் பயிற்சிக் குறிப்பும் அவர்கள் கையில் இருக்கிறது.

தோற்றதற்கு நான் வெட்கப்படவில்லை. தோற்பதற்கும் ஓடியிருக்க வேண்டும். அவள் ஓடினாள். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் எல்லோரும் திரும்பும் அன்று விமான நிலையத்துக்கு வருவேன், அவளுடைய பெட்டியைத் தூக்க. பார்த்தால் கூப்பிட்டுவிடாதீர்கள். நீங்கள் எனக்கு என்ன உறவு என்று அவள் கேட்டால் சொல்ல எனக்குக் கூசும்.

இப்படிக்கு,
அணியின் மெழுகுக்காரி