கோட்டுக்குக் கீழே

சின்னம்மா,

உங்கள் வெள்ளைச் சேலையை இன்று வெயிலில் உதறியபோது முந்தானையில் ஊதா மைக்கறை கண்ணில் பட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் மறந்துபோய் முகத்து வியர்வையைத் துடைத்தீர்களே, அன்று ஒட்டியது. எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை.

அம்மா இறந்தபின் என்னை வளர்த்தவர் நீங்கள். புகையிலை அடக்கும் கன்னத்தில் உங்களுக்குக் கட்டி வந்ததும் துணைக்கு நான்தான் வந்தேன். என் பள்ளிக்கூடம் அதோடு நின்றது. கட்டிக்குக் கதிர் பாய்ச்சும் அந்த வைத்தியத்தை நம் ஊரில் "கரண்டு வைக்கிறது" என்றார்கள். கரண்டு பட வேண்டிய இடத்தைச் சுற்றி டாக்டர் மையால் கோடு போட்டார். கட்டி நெல்லிக்காய் அளவு. கோடோ காதிலிருந்து தாடை வரை போனது.

"எதுக்கு இம்புட்டு அகலம்?" என்று கேட்டீர்கள்.

"கண்ணுக்குத் தெரியிற கட்டி இவ்வளவுதாம்மா. தெரியாம எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதான் கோட்டைத் தள்ளிப் போடுறேன்."

அவர் நகர்ந்ததும், "ஏடி, இவுக நம்ம பருத்திக்காட்டுக்கு வேலி போட்டா பக்கத்துக் காட்டுக்காரன் அருவாளோட வந்துருவான்" என்றீர்கள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை உங்களுக்குத் தலை சீவும்போது, கோட்டுக்குக் கீழே, கழுத்தில், ஏதோ என் விரலில் உருண்டது. மிளகு அளவுதான். சளிக்கு வரும் வெறும் நெறிகட்டியாகவும் இருக்கலாம். வெளியாரிடம் வாய் திறக்காதவள் நான். டாக்டர் வந்து, பார்த்து, அடுத்த கட்டிலுக்குத் திரும்பிய பிறகுதான் "ஐயா" என்றேன்.

அவர் வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். "இது அதுதானான்னு எனக்குத் தெரியல. கோட்டைக் கீழ இறக்கினா தொண்டையும் வெந்துபோகும். எச்சில் வத்திரும், சாப்பிட முடியாது. இறக்காம விட்டு, இது அதுவாவே இருந்தா, அங்கேயிருந்து வளரும்."

"அதுவும் எங்க நெலந்தான்யா. தள்ளியே போடுங்க" என்றீர்கள் நீங்கள்.

கோடு கழுத்துக்கு இறங்கியது. கட்டி கரைந்தது. ஊருக்கு வந்தபின் கம்மங்கூழ்கூட இறங்காமல் உடம்பும் கரைந்தது. அந்த மிளகு என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அது உருண்டது மட்டும் என் விரல்நுனியில் இருக்கிறது.

கடைசி வாரத்தில் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நான் சொல்லியிருக்கக் கூடாதோ, சின்னம்மா?"

உங்கள் குரல் வறண்டிருந்தது. "டாக்டருக்கே தெரியலன்னாக. நீ என்ன அவுகளுக்கு மேல படிச்சவளா? தண்ணியக் குடு."

செம்பைச் சாய்த்து, சொட்டுச் சொட்டாக உங்கள் உதட்டில் விட்டேன்.