ஆறு பத்துக்கு வந்த பஸ்கள்

ஆம்பூர்,
பிப்ரவரி 3.

கர்த்தருக்குள் அன்பான தம்பி ஜெஸ்டனுக்கு,

அக்கா இன்பம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. அன்பான என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதியிருக்கிறேன், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உன் பெண்டாட்டி ஃபீபிக்கு முதுகுவலி தேவலையா என்று அவளிடமே போனில் கேட்டுக்கொண்டேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டும்.

உனக்குப் போன் போட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் மகளே சொன்னாள். அதனால்தான் ஸ்பீட் போஸ்ட். கையெழுத்துப் போட்டு வாங்கி, உட்கார்ந்து படி.

நீ அனுப்பியது கிடைத்தது. பன்னிரண்டாம் தேதி ஜோலார்பேட்டையில் வியாபாரிகள் கூட்டமாம். அதில் நான் உன் தெருச் சீரமைப்புத் திட்டத்தால் பயன்பெற்ற கடைக்காரர் என்று எழுந்து ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். பேச வேண்டியதையும் நீயே டைப் அடித்து அனுப்பிவிட்டாய். எனக்கென்று ஒரு வாய் இருப்பது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. மூன்றாவது வரியில் 'எங்கள் மேட்டுக்கடைத் தெரு புத்துயிர் பெற்றது' என்று இருக்கிறது. எந்தத் தெருடா அது?

என் மேட்சிங் சென்டர் வாசலில் நின்று பார்த்தால் எதிர் வரிசையில் எட்டுக் கடைக்கு மூன்று ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. வழவழவென்று கல் பதித்திருக்கிறாய், நடக்க ஆள் இல்லை. பெஞ்சு போட்டிருக்கிறாய், நாய் படுத்திருக்கிறது.

உன் ரிப்போர்ட்டில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். உனக்குத் தெரியாததல்ல. முன்பெல்லாம் சாயங்காலம் ஆறு பத்துக்கு ஷூ கம்பெனி பஸ்கள் ஏழும் நம் தெரு முனையில் வந்து நிற்கும். முந்நூறு பெண்கள் இறங்குவார்கள். அவர்கள் ஊர்களுக்குப் போகிற டவுன் பஸ் தெருவின் அந்தக் கோடியில், ஆறு முப்பத்தைந்துக்கு. நடுவில் இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்தில்தான் தெரு முழுக்கப் பிழைத்தது. முந்தின நாள் புடவையைக் கொடுத்துவிட்டுப் போனவள் அதற்கு ஏற்ற பிளவுஸ் துணியும் நூலுமாக என்னிடம் வாங்கிப் போவாள். நிசார் அஹமது பாய் சரியாக ஐந்து ஐம்பதுக்குச் சமோசாவுக்கு எண்ணெய் ஏற்றுவார். காய்காரன், பூக்காரி, மருந்துக் கடை எல்லோருக்கும் அதுதான் பொழுது. அந்த வருமானத்தில்தான் நீ இன்ஜினியரிங் படித்தாய். சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இப்போது சொல்லிக்காட்டினேன் என்றே வைத்துக்கொள்.

நகரத்தை வசதியாக்கும் ஆலோசகன் என்று நீ வந்து இறங்கினாய். தெரு அழகானால் ஆள் வருவான், ஆள் வந்தால் கடை பெருகும், கடை பெருகினால் நகராட்சிக்கு வருமானம், அந்த வருமானத்தில் ஊரே நிமிரும் என்றாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உன் ஆட்கள் முனையில் நாற்காலி போட்டு ஆறு நாள் வண்டிகளை எண்ணினார்கள். ஒரு நாளாவது இந்தப் பெண்கள் தெருவுக்குள் வரும்போது பை எப்படி இருக்கிறது, வெளியே போகும்போது எவ்வளவு கனக்கிறது என்று பார்த்தார்களா? நெரிசல் என்று எழுதிக்கொண்டு போனீர்கள். கம்பெனி பஸ்களை பைபாஸ் ஓரத்துப் புது நிறுத்தத்துக்கு மாற்றிவிட்டீர்கள்.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன், அதை மறைத்துக்கொண்டு என்னால் ஜெபம் பண்ண முடியவில்லை. என் கடைப் படியில் பதினொரு வருடம் பூ விற்றவள் சவுரியம்மாள். கூடைத் தண்ணீர் படியெல்லாம் வழியும், நார் காலில் சிக்கும். எனக்கு ஆகாது. தம்பி போடுகிற திட்டம், படியில் விற்கிறவர்களையும் எடுத்துவிடுவார்கள், இந்தச் சாக்கில் வாசலும் சுத்தமாகட்டும் என்று சம்மதக் கையெழுத்து நோட்டைக் கடை கடையாகத் தூக்கிக்கொண்டு போனவள் நான்தான். முப்பத்தெட்டுப் பேர் போட்டார்கள். நிசார் பாய் மட்டும் பேனாவைக் கையில் வாங்கியும் உடனே போடவில்லை. 'நீ சொல்றேன்னா போட்றேம்மா. ஆனா கூட்டம் ஜாஸ்தி, கூட்டம் ஜாஸ்தின்னு எழுதிக்கீறானே உன் தம்பி, அது நம்ம கஸ்டமருங்கதானே?' என்றார். நான் சிரித்தேன். பாய்க்குப் படிப்பு கம்மி என்று மனதில் நினைத்துக்கொண்டேன். படித்த நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்தக் காரியத்தைச் செய்தோம்.

இப்போது பாய் சமோசாவை நிறுத்திவிட்டார். டீ மட்டும். அவரிடம் வேலை செய்த இரண்டு பேரும் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். முனையில் நகராட்சி கட்டிய ஆறு கடைகளை இரண்டு தடவை ஏலம் விட்டார்கள், கேட்க நாதியில்லை. தெரு அழகாகிவிட்டது என்று எங்களுக்கு வரியை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். ஷட்டரை இறக்கியவன் எங்கிருந்து கட்டுவான்? ஊருக்குப் புது வருமானம் கொண்டுவருகிறேன் என்று, வந்துகொண்டிருந்ததையும் பைபாஸுக்கு அனுப்பிவிட்டாய்.

அந்தப் பெண்களுக்காவது நல்லதா என்றால் அதுவும் இல்லை. கம்பெனியில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற சங்கீதா போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். ஏன் கடைப்பக்கமே காணோம் என்று கேட்டேன். 'வரணும்னுதான் இருக்குதுக்கா. பைபாஸ்ல எறக்கி வுட்டுட்றான். அங்க ஒரு கடை கெடையாது, லாரிதான் போவுது. ஷேர் ஆட்டோவப் புடிச்சி வூட்டுக்கு ஓடவே நேரம் சரியாப் போவுது. பேஜாராக்கீது' என்றாள்.

சவுரியம்மாளை நானே தேடிப்போய், படியில் வந்து உட்காரச் சொன்னேன். மூன்று நாள் வந்தாள். நாலாம் நாள், 'ஒக்காந்து இன்னாம்மா பண்றது, ஆளுங்க வந்தாதானே பூவு' என்று கூடையை எடுத்துக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இப்போது கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கிறாள்.

நீ பொங்கல் லீவுக்கு வந்தபோது இதையெல்லாம் கேட்டேன். மாற்றம் என்றால் கொஞ்ச நாள் கஷ்டமாகத்தான் இருக்கும், பொறுங்கள் என்றாய். உன் கொஞ்ச நாளில் இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. தெருவில் வண்டிகளின் வேகம் கூடியிருக்கிறது என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாய். கடைத்தெருவில் வண்டி நிற்காமல் போகிறது என்று சந்தோஷப்படுகிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உன்னிடம் சொல்லாமல் போன வியாழக்கிழமை ரயிலேறி ஜோலார்பேட்டைக்குப் போனேன். நீ அடுத்ததாகச் சுத்தம் பண்ணப்போகிற தெருவையும் பார்த்துவிடலாம் என்றுதான். ஷிப்ட் முடிந்து ரயில்வே ஆட்கள் வருகிறார்கள். ஒருவன் கீரைக்கட்டு வாங்குகிறான், ஒருவன் பிள்ளைக்கு பன் வாங்குகிறான், ஒருவன் சும்மா நின்று கடலை கொறிக்கிறான். எல்லாம் அந்தத் தெருக்கோடியில் ஆட்டோ ஸ்டாண்டு இருப்பதால். அதைத்தானே அரை கிலோமீட்டர் தள்ளி வைக்கப் போகிறாய்?

வேர்க்கடலை வறுத்து விற்கிற பூங்குழலி என்ற பெண், உன் ஆட்கள் கொடுத்த நோட்டீசைக் காட்டினாள். அதில் நம் தெரு. என் கடை போர்டு பளிச்சென்று தெரிகிறது, பக்கத்தில் மூடிக்கிடக்கும் ஷட்டர் தெரியாதபடி படத்தை வெட்டியிருக்கிறீர்கள். 'ஆம்பூர்ல சூப்பரா ஆயிடுச்சாமே, நாங்களும் கையெழுத்து போட்டுடலாம்னு இருக்கறோம்' என்றாள். அது என் கடைதான் என்று நான் சொல்லவில்லை. கடலையை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். அவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை, ஜெஸ்டன். அந்தப் பெண்ணிடம் மறுபடி முகம் கொடுத்துப் பேசியாக வேண்டும்.

ஆகவே பன்னிரண்டாம் தேதி வருகிறேன். உன் தாளை வாசிக்க மாட்டேன். மைக் முதலில் உன் கைக்குத்தான் வரும். நீயே சொல்லிவிடு. ஆம்பூரில் தப்புப் பண்ணிவிட்டோம், கம்பெனி பஸ்ஸைத் திரும்பத் தெரு முனைக்கே கொண்டுவர எழுதிக் கொடுக்கப்போகிறோம், இங்கே ஸ்டாண்டு இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று சொல். இதைச் சொன்னால் உன் வேலை போகலாம். தாம்பரத்து ஃப்ளாட்டுக்கு மாதாமாதம் தவணை கட்டுவது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீ சொல்லாமல் உட்கார்ந்துவிட்டால் நான் எழுந்திருப்பேன். இடுப்பில் தூக்கி வளர்த்த உன்னைக் கைநீட்டிக் காட்டி, இவன் சொல்வது பொய், இவனுக்காகக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவளே நான்தான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். அதற்குப் பிறகு நீ என் வீட்டு வாசற்படி ஏறுவாயோ மாட்டாயோ. எனக்கும் உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள். இருந்தாலும் சொல்வேன்.

வாய் திறக்கிற தைரியத்தைக் கர்த்தர் உனக்குத் தரட்டும். என்னை எழுந்திருக்க வைத்துவிடாதே தம்பி.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அக்கா,
இன்பம்