வாப்பா சொல்லும் சுபுஹு பாங்கு

பேட்டை,
திருநெல்வேலி

அருமை மகன் அனஸுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நாங்கள் சுகம், உன் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போனில் பேசினால் வாப்பா பக்கத்திலேயே காது கொடுத்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் துபாய்க்குத் திரும்பும் சிராஜுதீன் கையில் இந்தக் கடிதம். கூடவே நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கிறது, ரூமில் எல்லாருக்கும் வாரிக் கொடுத்துவிட்டு நீ வெறுஞ்சோறு தின்னாதே. உன் தங்கை ஸமீஹா சேரன்மாதேவியிலிருந்து வந்து போனாள், பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது.

வாப்பாவுக்கு மறதி கூடிவிட்டது. டீ குடித்த டம்ளரின் ஈரம் காயுமுன் டீ எங்கே என்கிறார், நானும் இன்னொன்று போடுகிறேன். நம் தெருப் பள்ளிவாசலில் அவர்தானே பாங்கு சொல்வார். போன மாதம் ஒருநாள் சாயங்காலம் அஸர் பாங்கில், விடியுமுன் சுபுஹுக்கு மட்டும் சொல்கிற ‘தூக்கத்தைவிடத் தொழுகை மேல்’ என்ற வரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். டீக்கடையில் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து தொப்பியை ஆணியில் மாட்டியவர், இனி எனக்கு அங்கன என்ன வேலை இருக்கு என்று சொல்லிவிட்டு வாசலே தாண்டவில்லை. அவர் பள்ளிக்குப் போகாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது, எனக்கு அழுகையாக வந்தது. பிறகு தொழவைக்கிற ஹஸ்ரத்தே வீடு தேடி வந்து, தொழுகையில மறந்தாலே சரிபண்ண தரையில நெத்தி வைக்க ரெண்டு ஸஜ்தா அல்லா தந்திருக்கான்லா மாமா, நாம மறப்போம்னு அவனுக்குத் தெரியாதா, இனி சுபுஹு பாங்கு மட்டும் நீங்க சொல்லுங்க என்றார். சுபுஹில் அந்த வரி இருக்கத்தானே வேண்டும், கெட்டிக்கார மனுஷர்.

அன்றிலிருந்து அந்த வரி காதில் விழுந்த பிறகுதான் நான் பாயைவிட்டு எழுந்து முகம் கை கால் கழுவி ஒளுச் செய்யப் போவேன். நேற்று அது வரவில்லை, பாங்கு முடிந்துவிட்டது. பாயைவிட்டு எழுந்து ஓடினேன். ஜன்னலைத் திறந்தால், அன்றைக்குச் சிரித்தவர்கள் உட்பட எல்லாரும் எப்போதும்போல் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நீயும் போன வாரம்போல், நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம் என்று இனி கேட்காதே மக்கா. உன் பெயரைச் சரியாகத்தான் சொன்னார், ஆனால் வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்ததும் நீயே, வாப்பா அனஸ் பேசுதேன் என்று சொல்லிவிடு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். வெயிலில் நிற்காதே. லீவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளாதே, அவர் உன்னைப் பார்த்து யார் என்று கேட்குமுன் வந்துவிடு.

உன் உம்மா,
ஆசியா உம்மாள்