மைக்கில் வாசித்த மன்றாட்டு

மே மாதம், ஞாயிறு இரவு

மாதா கோயில் வாசலில் அந்தச் சுவரொட்டியை ஒட்டியது நான்தான். உதட்டில் விரல் வைத்த சிப்பாய் படம், கீழே "படை நகர்வைப் பற்றிப் பேசாதீர், பகிராதீர்." பசை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் மனைவி ஸ்டெல்லா.

அவளேதான் இன்று பூசைக்கு மன்றாட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். சாமியார் மைக்கில் வாசித்தார்: ராணுவத்தில் இருக்கும் மகன் அருளுக்காக. அதோடு நிற்கவில்லை. எந்த ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள், என்றைக்குப் போய்ச் சேருவான், எல்லாம் வந்தது. பூசை யூடியூபில் நேரலை வேறு.

நேரலையைக் கவனிக்கும் கோயில் உபதேசியாரிடம் ஓடினேன். "வீடியோவ யூடியூப்ல இருந்து நீக்கிட்டேனுங்க. ஆனா நம்ம சேலத்து ஆளுக துபாய்ல இருந்துகூட நேரலையிலயே பாத்திருப்பாங்களே" என்றார்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் கத்திவிட்டேன். "யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மான்னுதான் சொன்னான். நான் யாருகிட்டயும் சொல்லலைங்க. ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்" என்றாள்.

மதியத்திலிருந்து அருளின் போன் சுவிட்ச் ஆஃப். அங்கே அணைக்கச் சொல்லியிருப்பார்கள். அப்படித்தான் இருக்கும். யாரிடம் கேட்பது? கேட்டால் அதுவும் பேச்சுதானே.

செபமாலை முடிந்ததும் வழக்கம்போல் அவனுக்காக வேண்டினாள். ஊர்ப் பெயர் வரும் இடத்தில் நின்றுவிட்டாள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். திரும்ப வந்து முழங்காலிட்டு, "எங்கன்னு உமக்கே தெரியும் ஆண்டவரே" என்றாள்.