உள்ளே மணி இல்லாத அறை

அன்பு மகளே,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல், உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் பேசினால் உன் அம்மா நடுவில் பிடுங்கிக்கொள்கிறாள், பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் இன்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முதலில் உன் கவலை தீரட்டும், நம் மேஸ்திரி நன்றாக இருக்கிறாள். உன் தங்கைக்கு நீ வைத்த அந்தப் பெயர் இப்போது பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டது. பதினொரு வயதாகியும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாதவள், கோணலாக இருக்கும் செருப்பு, தலையணை, காலண்டர் எதையும் விட்டுவைக்காமல் நேராக்கிவிட்டுத்தான் உட்காருகிறாள். மேஸ்திரி என்று கூப்பிட்டால் அங்கேயும் திரும்பிப் பார்க்கிறாளாம்.

கோடை முடிந்து பள்ளி திறந்ததும் அவள் வீட்டில் ஒரு கதவையும் மூட விடாமல் அடம் பிடித்தாளே, உனக்கு நினைவிருக்கும். அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவிடுக்கில் காலை வைத்துக்கொண்டு நின்றாள். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. மேஸ்திரியம்மா காற்றோட்டம் பார்க்கிறாங்க என்று நான் கிண்டல் செய்தேன். போனில் கேட்ட நீ மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, ஸ்கூல்ல அவளை உள்ள வெச்சு எந்தக் கதவை மூடறாங்கன்னு போய்ப் பாருங்க" என்றாய். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு உனக்கு அது எப்படித் தோன்றியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அது உன் அம்மாவிடமிருந்து வந்த மூளை, என் பக்கத்தில் அப்படி யாரும் கிடையாது.

நீ சொன்ன மறுநாள் மதியமே, ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ரிப்பேர் வேலையை முடித்த கையோடு, சட்டையில் கிரீஸ் கறையுடன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவள் வகுப்பில் அவளைக் காணோம். தாழ்வாரத்தின் கடைசியில், விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையை ஒட்டி, 'அமைதி அறை' என்று அழகாக எழுதி ஒட்டிய ஒரு கதவு. உள்ளேயிருந்து உள்ளங்கையால் தட்டும் சத்தம் வந்தது. நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஆட்கள் ஆபத்து மணியை அடித்துவிட்டுத் தட்டுவதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். முதலில் ஓங்கித் தட்டுவார்கள், அப்புறம் விட்டு விட்டுத் தட்டுவார்கள். சத்தம் நின்றுபோனால்தான் நான் படியில் ஓடுவேன். இங்கே நான் நடந்து போய்ச் சேருவதற்குள் நின்றுவிட்டது. வெளியே வகுப்பு டீச்சர் நின்றுகொண்டிருந்தார். உனக்குப் போட்டோவில் காட்டியிருக்கிறேன், உயரமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு இருப்பாரே, அவர்தான். கையில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தார், அதில் ரத்தம். அழுதுகொண்டிருந்தார். "சார், கடிச்சுட்டா சார். தலையைச் சுவத்துல முட்டிக்கிறா, மத்த பிள்ளைங்க அலறுதுங்க. நான் ஒருத்தி, என்ன செய்வேன்?" என்றார். நான் தாழ்ப்பாளைத் திறந்தேன். இடுப்பைக் கட்டப் பட்டை வைத்த ஒரு நாற்காலி, வேறு ஒன்றும் இல்லை. நல்லவேளை, அதில் கட்டியிருக்கவில்லை. மேஸ்திரி தரையில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, மூலையில் நூல் பிடித்த மாதிரி நேராக வைத்திருந்தாள். நான் கூப்பிட்டும் அவள் எழுந்து வரவில்லை மகளே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நானும் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். ரொம்ப நேரம் கழித்து என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை, மேஸ்திரிக்குத் தலை குளிப்பாட்டி, முடியைச் சிக்கெடுத்துக்கொண்டே இருந்தாள். நான்தான் குதித்தேன், போலீசுக்குப் போகிறேன், அந்த டீச்சர் வேலையைக் காலி பண்ணுகிறேன் என்று. அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "அந்த டீச்சர் பொண்ணு கையைக் கடிச்சது யாரு? நம்ம பொண்ணுதானே. நாளைக்குப் போய் அதையும் சேர்த்துப் பேசுங்க" என்றாள். மறுநாள் தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளும் என்னோடு வந்தாள். தலைமை ஆசிரியை மரியாதையாகத்தான் பேசினார். எல்லாம் பிள்ளைகளின் பாதுகாப்புக்குத்தான், கொஞ்ச நேரம்தான், கூடாது என்று எங்கேயும் சட்டம் இல்லை என்றார். அப்படியானால் நான் கொஞ்ச நேரம் உள்ளே இருக்கிறேன், பூட்டுங்கள் என்றேன். அவருக்குச் சங்கடமாகப் போயிற்று, ஆனாலும் எழுந்து வந்து பூட்டினார். லிஃப்டின் இருட்டுக் குழிக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிறவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்துத்தான் போனேன். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, விளக்கு சுவிட்சும் வெளியே இருக்கிறது. யார் எப்போது திறப்பார்கள் என்று தெரியாதபோது கொஞ்ச நேரம் என்பதற்கு ஒரு அளவே இல்லை மகளே. வெளியே வந்ததும், ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் பறந்துவிட்டது. "கூப்பிட உள்ள ஒரு மணிகூட இல்லையே மேடம்" என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். வருகிற சனிக்கிழமை பெற்றோரையும் டீச்சர்களையும் கூப்பிடுகிறேன், உட்கார்ந்து ஒரு விதிமுறை எழுதுவோம் என்றார்.

எழுதுவது அவ்வளவு லேசாக இல்லை. அந்த அறையை இடித்துத் தள்ளு என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம் என்று எண்ணிப் போனால், ஒரு தையற்காரம்மா எழுந்து நின்றார். அவருடைய மகன் ஆள் என்னைவிட உயரம், கோபம் வந்தால் ஜன்னல் உடையும். "நீங்க பாட்டுக்கு அறை வேணாம், பிள்ளைங்களைப் புடிக்கவும் கூடாதுன்னு எழுதிடுவீங்க. நாளைக்கு என் பையனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு அனுப்பிடுவாங்க. நான் கடையை மூடிட்டு உட்காரணுமா?" என்று அழுதார். அதற்கப்புறம்தான் பேச்சு ஒழுங்கான வழிக்கு வந்தது. பிள்ளையை எப்படி அடக்குவது என்பதை விட்டுவிட்டு, எதனால் வெடிக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். நம்மவளுக்குச் சாப்பாட்டு மணிதான் எமன், அது அவள் வகுப்பு வாசலுக்கு நேர் மேலே இருந்திருக்கிறது, அதை இடம் மாற்றினார்கள். வகுப்புக்கு இன்னொரு உதவி டீச்சரைப் போட்டார்கள். கடைசியில் எழுதினது இதுதான்: எந்தப் பிள்ளையையும் தனியாக அடைக்கக் கூடாது, எதிலும் கட்டக் கூடாது. உயிருக்கோ உடம்புக்கோ அந்த நிமிஷமே ஆபத்து என்றால் மட்டும், பயிற்சி எடுத்தவர்கள் பிடிக்கலாம், ஆபத்து விலகினதும் கையை எடுத்துவிட வேண்டும், அன்றே வீட்டுக்குச் சொல்ல வேண்டும். கோபம் வந்ததற்காக எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு அனுப்பக் கூடாது என்பது தையற்காரம்மா சேர்க்கச் சொன்னது. தாழ்ப்பாளை நானே என் ஸ்குரூடிரைவரால் கழற்றினேன். வேலையில் அவ்வளவு ஆசையாக நான் எதையும் கழற்றினதில்லை.

போன வாரம் நடந்ததைக் கேள். பள்ளி எதிரே ரோடு போடுகிறார்கள், ஆரஞ்சுக் கூம்புகளைக் கண்டபடி வைத்திருக்கிறார்கள். மேஸ்திரி கண்ணில் அது பட்டால் சும்மா இருப்பாளா? கேட் திறந்த நேரம் பார்த்து ஒரே ஓட்டம். பின்னாலேயே டீச்சர் ஓடி, நடு ரோட்டுக்குப் போகும் முன்னால் இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்து, இரண்டு பேரும் ஓரத்தில் விழுந்திருக்கிறார்கள். ஜல்லி லாரி பக்கத்தில் உரசின மாதிரி போனதாம். அது போகும்வரை பிடித்திருந்துவிட்டு, போனதும் கையை எடுத்துவிட்டாராம். அடுத்து அவர் செய்தது எனக்குப் போன் போட்டதுதான். "சார், முதல்ல, குழந்தை நல்லா இருக்கா. நான் இன்னிக்கு அவளைப் புடிக்க வேண்டியதாப் போச்சு. கையில என் விரல் பதிஞ்சிருக்கு, நீங்க வீட்டுல பார்த்துப் பதறக் கூடாது" என்றார். நாங்கள் போனபோது டீச்சரின் முட்டி தோல் உரிந்து கிடந்தது. உன் அம்மா பையிலிருந்து மருந்தை எடுத்து, முதலில் டீச்சர் முட்டியில்தான் போட்டாள், அப்புறம்தான் மேஸ்திரி கைக்கு. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். மேஸ்திரியோ எங்களை விட்டுவிட்டு, டீச்சர் முகத்தில் கோணலாக நின்ற கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினாள்.

இப்போது கல்வி அலுவலகமே எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு வரைவு விதி போட்டு, மக்கள் கருத்தைக் கேட்டிருக்கிறது. மாத முடிவுக்குள் நீயும் அக்கா என்ற முறையில் நாலு வரி எழுதி அனுப்பு, மறந்துவிடாதே. பிழை பார்க்கிறேன் என்று நாள் கடத்தாதே. அங்கே குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேலை இடத்தில் யார்மேலாவது கோபம் வந்தால் முதலில் உன் அம்மாவைக் கேட்டுக்கொண்டு அப்புறம் கோபப்படு, நான் அப்படித்தான் பிழைக்கிறேன். நீ எடுத்த காரியமெல்லாம் ஜெயமாகி, மனசும் உடம்பும் நோகாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த வரைவில் 'பெற்றோருக்கு உரிய காலத்தில் தெரிவிக்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கிறது. உன் அம்மா அனுப்பின கருத்து ஒரே சொல்தான். 'உரிய காலத்தில்' என்பதைப் பேனாவால் அழுத்தி அடித்துவிட்டு, மேலே 'அன்றே' என்று எழுதியிருக்கிறாள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா