பொட்டு ஒட்டிய குழல்

இன்று வேங்கிக்கால் ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் தேரடி வீதியில் ஸ்டிக்கர் பொட்டு வாங்கப் போனேன். கடைப்பெண் அட்டைகளைப் பரப்பி, "பெருசா, மீடியமா, பொடிசாக்கா?" என்றாள். மூன்று அளவையும் நீ உன் குழலில் ஒட்டியதையும் பார்த்திருக்கிறேன், உரித்ததையும் பார்த்திருக்கிறேன். எதையும் வாங்காமல் வந்துவிட்டேன், தம்பி.

பீரோவுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிறவனுக்குக் குழல் எதற்கு என்று நானும்தான் உன்னைக் கேலி செய்தேன். ஆசிரமம் பக்கம் நீ பெயிண்ட் வேலைக்குப் போன கெஸ்ட் ஹவுஸில், அறையைக் காலி செய்த வெள்ளைக்காரம்மா ஒருத்தி கொடுத்த தகரக் குழல் அது. ஊதினால் தெருமுனை வரை கேட்கும். உன் சாதகம் ஞாயிறு மதியத்தில். சுவருக்கு அந்தப் பக்கம், ராத்திரி பஸ் ஓட்டும் டிரைவர் அண்ணன் தூங்குகிற நேரமும் அதுதான். ஒரு பௌர்ணமிக்குக் கிரிவல ஸ்பெஷல் பஸ் ஓட்டிவிட்டு வந்தவர், சிவந்த கண்ணோடு நம் வாசலில் நின்றார். "தம்பி, ராத்திரி பூரா ஸ்டியரிங் புடிச்சிருக்கறேன். கொஞ்சம் கம்மியா ஊதுங்க."

நீ கூனிக்குறுகிப் போனாய். "அவரு தூங்கலன்னா பஸ்ஸுல இருக்கறவங்க கதி என்னக்கா?"

பழைய சாக்ஸைச் சுற்றினாய். சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினாய். மாத்திரை டப்பாவில் இருந்த பஞ்சை அடைத்தாய். ஒன்று சத்தம் செத்துப்போனது, இல்லையென்றால் கிறீச்சிட்டது. கடைசியில், பாத்ரூம் கண்ணாடி ஓரத்தில் நான் ஒட்டி மறந்த பழைய பொட்டுகளைப் பிய்த்துக்கொண்டு வந்தாய். வாய் வைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சத்தம் பிறக்கிற சின்னத் திறப்பு. அதைப் பாதி மூடுகிற மாதிரி பெரியது, நடுத்தரம், பொடிசு என்று ஒட்ட ஒட்டச் சத்தம் இறங்கியது. டிரைவர் அண்ணன் வீட்டு வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்று கேட்டுவிட்டு வந்து சொல்வது என் வேலை.

"இப்போ சரிடா. கோழிக்குஞ்சு மாதிரி கேக்குது."

"உன் நெத்தி எனக்கு நல்லா உழைக்குதுக்கா" என்று சிரித்தாய்.

அப்புறம் அந்த இருமல். பெயிண்ட் தூசு நுரையீரலைக் கெடுத்துவிட்டது, இனி பழையபடி ஆகாது என்றார் டாக்டர். மாஸ்க் போடுடா என்று எத்தனை கத்தியிருப்பேன், கேட்டாயா? இப்போதும் அந்தக் கோபம் வருகிறது. கோபப்பட ஆள்தான் இல்லை.

ஒரு ஞாயிறு வாசலில் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. வந்து சொன்னதும், நீ பொடிப் பொட்டை உரித்தாய். கோழிக்குஞ்சு திரும்பி வந்தது. மாதங்கள் போகப் போக நடுத்தரத்தை உரித்தாய், பிறகு பெரியதையும். வாசலில் அந்தச் சத்தம் அதே அளவில் கேட்கிறவரை உனக்கு ஒன்றும் ஆகாது என்று இருவருமே நம்பினோம். வாய்விட்டு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

உரிக்க எதுவும் மிச்சமில்லாத ஞாயிறும் வந்தது. வாசலில் நின்றேன். உள்ளே டிரைவர் அண்ணனின் குறட்டைதான் கேட்டது. திரும்பி வந்து, "கேக்குதுடா, நல்லாவே கேக்குது" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

நீ கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். பிறகு, "அப்போ ஜாஸ்தியா இருக்குதோ என்னமோ. ஒரு பொட்டு ஒட்டுக்கா, அவரு தூங்கட்டும்" என்றாய்.

என் நெற்றியில் இருந்ததை எடுத்து ஒட்டினேன். நீ ஊதினாய். விரல்கள் ஏறி இறங்கின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. என் பொய்யை நம்பித்தான் கேட்டாயா, எனக்காக நம்பியது போல் இருந்தாயா? இன்றுவரை தெரியவில்லை.

உன் காரியம் முடிந்த மறுநாள் டிரைவர் அண்ணன் வந்தார். "கடைசி வரைக்கும் எனக்காக எவ்ளோ கம்மியா ஊதினாரும்மா! ஒரு நன்றி கூட சொல்லாம விட்டுட்டேனே" என்று அழுதார். உன்னிடம் ஊத மூச்சு இல்லை என்று அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டி வாங்கிக்கொண்டேன். அந்த நன்றி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எங்கே கொண்டுவந்து கொடுக்கட்டும், சொல்லுடா.