அவர் கிளம்புவதற்குள் கதவைத் திற

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம், மாப்பிள்ளையும் சௌக்கியம், நீயும் குழந்தை பட்டாணியும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று முறைப்படி எழுதிவிட்டேன். ஆனால் உண்மையைச் சொன்னால் இங்கே ஒருவருக்கும் சௌக்கியம் இல்லை, நீ போனை எடுக்காவிட்டால் எங்கிருந்து வரும் சௌக்கியம். நேற்றிலிருந்து நானும் மாப்பிள்ளையும் மாறி மாறிக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டோம். சரி, பேசினால் நீயும் அழுவாய் நானும் அழுவேன், எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறார், முடித்ததும் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவார். என் கோணல் எழுத்தைப் பார்த்தாலாவது படிப்பாய் என்று ஒரு நப்பாசை.

மாப்பிள்ளை எல்லாம் சொன்னார். தத்து கொடுக்கும் அலுவலகத்து அதிகாரியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றதும், நீ காய்ச்சலில் சுருண்டு கிடந்ததும், பட்டாணியை உன் கையில் கொடுத்தவுடன் அது வீல் என்று கத்தி, நீ தங்கியிருக்கும் வீட்டு லாண்டரிக்காரம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டதும், குழந்தைக்குத் தாய் யாரென்று இன்னும் பதியவில்லை, மறுபடி வந்து பார்த்தபிறகுதான் அறிக்கையைக் கோர்ட்டுக்கு அனுப்புவேன் என்று அதிகாரியம்மா எழுதிவிட்டுப் போனதும், எல்லாம். தீர்ப்பு வரும்வரை குழந்தையோடு அந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்றார்கள், வேலையை விட்டுவிட்டுப் போய் இருந்தாய். பாஷை தெரியாத ஊரில் நாய் படாத பாடு பட்டு, வாசற்படி வரைக்கும் வந்தபிறகு இப்படி ஆனால் யாருக்குத்தான் நெஞ்சு வெடிக்காது. எனக்கே கத்திரிக்கோல் ஓடவில்லை, ஒரு சட்டைக்கு இரண்டும் இடது கையாக வெட்டி வைத்திருக்கிறேன். அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பாத்திரத்தை வைக்காமல் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, அதை முதலில் புரிந்துகொள்.

ஆனால் அந்த லாண்டரிக்காரம்மாவைப் பார்த்து, என் பிள்ளையை நீங்க பறிச்சுக்கிட்டீங்க என்று சொன்னாயாமே. அதற்குப் பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் வைத்துவிட்டுப் போகிற சாப்பாட்டையும் தொடாமல் இருக்கிறாயாம். லாட்ஜுக்குப் போகிறேன், இல்லாவிட்டால் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்கிறாயாம். லாட்ஜுக்குப் போனால் விலாசம் மாறும், விலாசம் மாறினால் எல்லாம் முதலிலிருந்து என்று வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார். ஊருக்கு வருவதைப் பற்றி நான் என்ன சொல்ல. வா, உன் வீடுதான். ஆனால் வெறுங்கையோடு வந்து இறங்கினால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை அம்மா.

நான் அங்கே வந்து தங்கியிருந்தபோது பார்த்தேனே. அந்த வீட்டில் இருந்தது ஒரே கட்டில், ஜன்னல் உள்ள ஒரே அறை. அதை நமக்குக் கொடுத்துவிட்டு அவர் கீழே கடையில் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில், ஓட்டல்காரன் போட்டுவிட்டுப் போன அழுக்கு மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு வேலையும் செய்யக் கூடாது என்று ஒரு பிடிவாதம் அவருக்கு. நான் குடித்த டம்ளரைக் கழுவப் போனதற்கு என்னை ஒருநாள் முழுக்க முறைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா. அதே பிடிவாதம்தான் பட்டாணி விஷயத்திலும். அது சிணுங்கினால் உன் தூக்கம் கெடுமே என்று தூக்கிக்கொண்டு போனார், நீ களைத்துப் போவாயே என்று அவரே குளிப்பாட்டினார், அவரே ஊட்டினார். உன்னைத் தாயாக நடத்தாமல் விருந்தாளியாகவே நடத்திவிட்டார், அவர் செய்த தப்பு அவ்வளவுதான். பறிக்கிறவள் இப்படியா தரையில் படுப்பாள்.

இப்போது நான் சொல்லப்போவதை அவர் சொல்லக் கூடாது என்றார், சொல்கிறேன். இன்றைக்கு மத்தியானம் என் தையல் கடைக்கு அவரிடமிருந்து போன் வந்தது. என் தட்டில் அவர் போடப் போட நான் போதும் போதும் என்று கத்தியதில் கற்றுக்கொண்ட தமிழ்தான் அவருக்கு, அதை வைத்துக்கொண்டு பேசினார்.

"அண்ணா, நான் இருந்தா பாப்பா என்கிட்ட வரும். நான் இல்லைன்னா அவகிட்ட போகும். நாளைக்கு காலைல பஸ். அக்கா வீட்டுக்குப் போறேன். அதிகாரி வந்துட்டுப் போற வரைக்கும் வரமாட்டேன். வீடு அவளுக்கு."

ஓட்டல் துணி எல்லாம் என்ன ஆகும் என்றேன். வேறு கடைக்குப் போகும் என்றார், சாதாரணமாக. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார், பிரவுன் தாளில் குறித்துக்கொண்டேன். பட்டாணி பால் ஆறிவிட்டால் குடிக்காது. தூங்க வைக்கும்போது முதுகைத் தட்டினால் முழித்துக்கொள்ளும், தேய்த்துத்தான் விட வேண்டும். காது வலி வந்தால் இடது பக்கமாகச் சாய்ந்து அழும். இதையெல்லாம் அம்மா சொன்ன யோசனை மாதிரி உன்னிடம் சொல்லச் சொன்னார், தன் பெயரைச் சொன்னால் நீ செய்யமாட்டாய் என்று பயம். ஒரு வார்த்தை உன்னைக் குறை சொல்லவில்லை. போனை வைத்தபிறகு நான் கடையை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

அவரைத் தடுத்து நிறுத்து என்று எழுத எனக்குக் கை வரவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சொந்த வீட்டை விட்டு அவர் போகத்தான் வேண்டும் என்று என் மனசே சொல்கிறது, எனக்கு என் பேத்தி வேண்டும். இவ்வளவு கேவலமான ஆசையோடு கேட்கிறேன், நீ சொன்ன அந்தக் கடைசி வார்த்தையைக் காதில் சுமந்துகொண்டு அவர் பஸ் ஏறக் கூடாது. அவர் செய்ததற்கு ஈடாக எதுவும் நம்மிடம் இல்லை. கதவைத் திறந்து, கீழே இறங்கிப் போய், அவர் கையைப் பிடித்துக்கொள். பேச வராவிட்டால் பேசாதே. அவர் வைத்த சாப்பாட்டை அவர் கண் முன்னால் சாப்பிடு, அது போதும்.

நீயும் மாப்பிள்ளையும் பட்டாணியும் ஒரே கூரையின் கீழ் நன்றாக இருக்க வேண்டும், அந்தம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம். காய்ச்சல் மாத்திரையை நிறுத்தாதே. ஒன்று மட்டும் மறக்காதே. அவர் பஸ் கிளம்பினதும் பட்டாணி உயிர் போகிற மாதிரி அழும். உன்னைக் கூப்பிட்டு அழாது, அவரைக் கூப்பிட்டுத்தான் அழும், உன்னை அடிக்கும், கடிக்கும். அதற்காக அதைக் கீழே இறக்கி விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்
அப்பா